நயினார் தொடாத இன்ஜின்

என் கடைக்கும் நயினார் பட்டறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே அவர் இருமினால் இங்கே எனக்குத் தூக்கிவாரிப் போடும். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி சுவர் வழியாகக் காதில் விழுந்தது, மீதி அவரே வந்து உட்கார்ந்து சொன்னது. ஒட்டுக்கேட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். டீசல் பம்ப் ரிப்பேர் பார்ப்பவர்கள் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.

சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டி வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறோம். நான் பட்டா, வருமானச் சான்று, ரேஷன் கார்டு திருத்தம் என்று ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள். பெயர் சுகாசினி. என்னைப் பற்றி இவ்வளவு போதும். அவர் பெயர் அஜிதநாதன், வயது அறுபத்தொன்று. தாமலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலபுலத்தோடு இருந்த தமிழ்ச் சமணக் குடும்பம். அதனால் ஊருக்கெல்லாம் அவர் நயினார். லாரி, போர்வெல் வண்டி, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், எதுவானாலும் டீசல் இன்ஜின் இழுக்கவில்லை என்றால் பம்பையும், டீசலைப் பீய்ச்சுகிற நாசிலையும் கழற்றி அவரிடம்தான் கொண்டு வருவார்கள்.

அவர் பட்டறையில் வாய் திறந்த பாத்திரம் ஒன்றைப் பார்க்க முடியாது. டீசல் டின், கிரீஸ் டப்பா, நாசில் கழுவுகிற தட்டு, குடிக்கிற தண்ணீர்ப் பானை, எல்லாவற்றுக்கும் பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டாக மடித்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார். எறும்போ பூச்சியோ உள்ளே விழுந்து செத்துவிடக் கூடாது. ஓர் உயிரைக் கொல்வது பாவம் என்பதை நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்வோம். அவர் அதை டீசல் டின்னில் கட்டி வைத்திருந்தார்.

பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய் சாப்பிட மாட்டார். அதுவும் அவர்கள் வழக்கம்தான். ஐந்தரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார். ஊரே டீக்கடையில் நிற்கிற நேரத்தில் ராத்திரிச் சோறு சாப்பிடுகிற மனிதரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது? மனைவி கனகமாலா இருந்தவரை கூட ஒரு தட்டு இருந்தது. அந்த அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. மகன் யுவராஜ் புனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் வருவான், நான்கு நிமிஷம் இருப்பான். அதில் ஒரு நிமிஷம் 'அப்பா, போனைக் கொஞ்சம் தூரமா பிடிங்க' என்பதிலேயே போய்விடும்.

லோன் வேண்டுமா என்று கேட்டு வருகிற போன்களை நாமெல்லாம் திட்டிவிட்டு வைக்கிறோம். நயினார் வைக்க மாட்டார். 'எந்த ஊர்மா நீ? சாப்ட்டியா?' என்று ஆரம்பிப்பார். ஒருநாள் அப்படிக் கூப்பிட்ட ஒரு பெண்ணுக்கு, டீசல் இன்ஜினில் ஏன் ஸ்பார்க் பிளக் கிடையாது என்று கால் மணி நேரம் விளக்கினார். நான் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு ஏன் சிரித்தோம் என்று ஆகிவிட்டது. அவ்வளவு தனியாக இருந்தார் அந்த மனிதர்.

இதெல்லாம் டேனியல் பட்டறையை விட்டுப் போன பிறகு. டேனியலும் அதே கிராமம்தான். டேனியலின் அப்பா நயினார் வீட்டு வயலில் கூலி வேலை செய்தவர். டேனியல் பட்டறையில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தார். நயினார் காது, டேனியல் கை, இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பட்டறை. இவர் தூரத்தில் நின்று சத்தத்தைக் கேட்டு 'மூணாவது நாசில்' என்பார். அவர் கழற்றினால் மூன்றாவதுதான் போயிருக்கும்.

கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு முன் டேனியல் சதுரங்கப்பட்டினம் பக்கம் மனைவியின் ஊருக்குப் போய், மச்சான் ராஜவேலுவோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்கினார். வாங்கின இன்ஜினை முதலில் நயினார்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. குட்டி யானை வண்டியில் ஏற்றி, மாலை போட்டு, பட்டறை வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார். நயினார் படியை விட்டு இறங்கவில்லை.

"மீன் புடிக்கப் போற இன்ஜினு. நான் இத தொடமாட்டேன் டேனியல்" என்றார்.

அவர் தன் விரதத்தை நினைத்துச் சொன்னார். டேனியல் குடும்பம் 'தொடமாட்டேன்' என்கிற அந்த ஒரு வார்த்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட குடும்பம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. "எங்கப்பனுக்கு உங்கப்பாரு சொன்ன அதே வார்த்த, நைனாரே" என்று சொல்லிவிட்டு டேனியல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேருக்கும் ரோஷம் அதிகம், ஆளுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினார்கள்.

போன ஆவணியில் ஒரு திங்கள்கிழமை மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"நைனாரே, டேனியல்."

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"இன்ஜினு மூணு வாரமா உசுர வாங்குது. நீங்க தொட வாணாம். கேட்டுட்டு மட்டும் சொல்லுங்க."

"சொல்லு."

"கரையில ஜம்முனு ஓடுது. உள்ள போயி முக்கா மணி நேரம் ஆச்சுன்னா சத்தம் எறங்கிக்கினே வருது. எவ்ளோ முறுக்கினாலும் ஏற மாட்டேங்குது. அப்பறம் நின்னுடுது. பத்து நிமிஷம் சும்மா உட்டா திருப்பி எடுக்குது."

"பொகை இன்னா கலரு?"

"பொகையே இல்ல நைனாரே."

அன்று சாயங்காலம் நயினார் என் கடைக்கு வந்து, நான் கேட்காமலே பாடம் நடத்தினார். கருப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது ப்ரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டு இன்ஜின் சுமை தாங்காமல் திணறுகிறது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, தண்ணீர்கூடக் கலந்திருக்கலாம். புகையே இல்லாமல் பலம் இறங்கினால் ஒன்றே ஒன்றுதான், இன்ஜினுக்கு டீசல் வந்து சேரவில்லை, பட்டினியில் நிற்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் எங்கேயோ அடைப்பு.

"அப்போ மீன் பிடிக்கிற இன்ஜினுக்கு வைத்தியம் பாக்கலாமா நைனாரே?" என்று நான் சீண்டினேன்.

"கையால தொடமாட்டேன்னுதான் சொன்னேன். காதால கேக்கறதுக்கு இன்னாம்மா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதிலிருந்து தினமும் மதியம் ஒரு மணிக்கு போன். செவ்வாய்க்கிழமை டீசலைப் பற்றி விசாரணை. கோளாறு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின மாசம் லாரியில் கொண்டு வந்து விற்கிற பயோ டீசலை ஊற்றினார்களாம், விலை குறைவு என்று. நயினார் தலையில் அடித்துக்கொண்டார். அது பழைய டேங்கில் ஒட்டியிருக்கிற கசடையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும், காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அடியில் தங்கினால் அங்கே பாசி மாதிரி ஒன்று வளரும். "ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சி ஆடாம வை. காலையில அடியில இன்னா நிக்குதுன்னு பாத்து சொல்லு" என்றார். மறுநாள் பாட்டிலின் அடியில் ஒரு விரல்கடை தண்ணீரும், அதன்மேல் கருப்பாக ஒரு படலமும் இருந்தன. டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, பங்க் டீசலுக்கு மாறினார்கள். இரண்டு நாள் ஓடியது. மறுபடியும் முக்கால் மணி நேரத்தில் நின்றது.

ராஜவேலு விலை அதிகமான பிரீமியம் டீசலை ஊற்றினால் இழுக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். "பசியில மயக்கம் போட்டவனுக்கு சென்ட் அடிச்சா எழுந்துப்பானாப்பா?" என்று கேட்டார் நயினார். டேனியல் விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சிரித்தார். சுவர் அதிர்ந்தது. கடையில் உட்கார்ந்திருந்த காமாட்சியம்மாள், முதியோர் பென்ஷனுக்கு வந்தவர், "யாரும்மா அது, நைனாரா சிரிக்கிறது?" என்று ஆச்சரியப்பட்டார்.

அவர் தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். பன்னிரண்டரைக்கே போனைத் துடைத்து எதிரில் வைத்துக்கொண்டு உட்காருவார். யாராவது அப்போது பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் 'ரெண்டு மணிக்கு வாப்பா' என்று அனுப்பிவிடுவார்.

அடுத்த வாரம் புதன்கிழமை. அதுவரை பம்ப், நாசில், குழாய், எல்லாம் பார்த்தாகிவிட்டது. "டேங்க் உள்ள எதனா விழுந்து குழா வாய அடைக்குதா பாரு" என்றார் நயினார்.

"எப்பிடி உழும் நைனாரே? மூடியோட சேத்து துணிய ரெண்டா மடிச்சி, நீங்க கட்ற மாரியேதான இறுக்கிக் கட்டிக்கினு கீறேன். உப்புத்தண்ணி பட்டுப் பட்டு அட்டை மாரி ஆயிடுச்சி. ஒரு கொசு உள்ள பூராது."

நயினார் துணியைப் பற்றி மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சரிப்பா. பம்புல தேய்மானம் இருக்குமான்னு யோசிக்கிறேன். நாளைக்கு பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும், அதற்காகத்தான் மூடியில் ஊசி முனையளவு ஓட்டை வைத்திருப்பார்கள். அதன்மேல் உப்பேறி இறுகிய துணி. டேங்கைக் கழுவினபோது அவிழ்த்து இளகின துணிதான், இரண்டு நாளில் மறுபடி உப்பேறி இறுகிவிட்டது. காற்று போக வழியில்லாமல் டேங்க் டீசலை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. கரையில் எந்த மெக்கானிக் வந்தாலும் முதல் வேலையாக மூடியைத் திறந்து பார்க்கிறான், காற்று உள்ளே போய்விடுகிறது, இன்ஜின் ஜம்மென்று ஓடுகிறது. கடலில் அலைத்தண்ணீர் தெறிக்கும் என்று ஒருவரும் திறப்பதில்லை. எறும்பு விழாமல் இருக்க இவர் இருபத்தைந்து வருஷமாகப் பழக்கின கை, கடலில் போய் அதே முடிச்சைப் போட்டிருக்கிறது. உலகத்தில் வேறு எந்தப் படகிலும் இந்தக் கோளாறு வந்திருக்காது.

'துணிய அவுத்துடு.' இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் இன்ஜின் சரியாகிவிடும். சரியாகிவிட்டால் மறுநாள் ஒரு மணிக்கு போன் அடிக்காது. அதனால் அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நாற்பது நிமிஷம் பேசினார்கள். இன்ஜினைப் பற்றி ஐந்து நிமிஷம். மீதி நேரம் டேனியலின் மகள் சிம்ரன் பிளஸ் டூவில் எப்படிப் படிக்கிறாள், கரையிலிருந்து எவ்வளவு தூரம் போனால் தண்ணீர் நிறம் மாறும், ஓங்கில் மீன், அதுதான் டால்பின், படகோடு கூடவே குதித்து வருமாமே, என்றெல்லாம். கடலையே பார்க்காதவர் மாதிரி கேட்டார். கடைசியில் மறுபடியும் 'யோசிக்கிறேன்பா' என்றார். தான் சொல்லாததால் ஒரு படகு மீன் சாகாமல் இருந்தால் புண்ணியம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாராம். பொய். மீனைப் பற்றி அவர் அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு போன் வரவில்லை. இரண்டுக்கும் வரவில்லை. இவர் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஐந்தரைக்கு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கவில்லையே என்று நான் எட்டிப் பார்த்தேன். டிபன் டப்பா திறக்காமல் இருந்தது, அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும்போது என் கடைக்கு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுகாசினி, அவன் வூட்டு நம்பர் எதனா கெடைக்குமா பாரும்மா."

டேனியல் ரேஷன் கார்டுக்கு நான்தான் விண்ணப்பம் போட்டது, அதில் இருந்த இன்னொரு நம்பரைத் தேடி எடுத்து அழைத்தேன். சிம்ரன் எடுத்தாள். அப்பாவும் ராஜவேலு மாமாவும் மாமாவின் தம்பியும் விடியற்காலையில் போனார்கள், பதினோரு மணிக்கே திரும்பியிருக்க வேண்டும், கடலோரப் போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, தேட நான்கு படகு போயிருக்கிறது. அழுதுகொண்டே சொன்னாள்.

நயினார் போனைப் பிடுங்கினார். "சிம்ரன், டேங்க் மூடி மேல கட்டின துணிய அவுக்கச் சொல்லும்மா. அதான் கோளாறு. துணிய அவுத்தா போதும்."

"யாருகிட்ட சொல்றது மாமா? போன் போகலியே" என்றாள் அந்தப் பெண்.

போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "புதன்கிழமையே தெரியும்மா எனக்கு. சொன்னா அவன் திருப்பி பேச மாட்டானேன்னு..."

எனக்கு வந்த கோபத்தில் வயசுகூடப் பார்க்கவில்லை. "எறும்பு சாவக் கூடாதுன்னு துணி கட்றவரு, மூணு ஆம்பளைங்கள கடல்ல உட்டுட்டு சும்மா இருந்தீங்களா?" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டினார், சரியான கணக்கைச் சொன்னவளுக்கு ஆட்டுகிற மாதிரி. நான் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன். அவரை அப்படி விட்டுவிட்டுப் போனது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் காலை நான் வரும்போது பட்டறைப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பத்து மணிக்கு சிம்ரன் அழைத்தாள். நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கொண்டு போக, கோவளத்துக்கு நேரே வேறொரு படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டது. மூன்று பேருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. ராஜவேலு வாந்தி எடுத்துப் படுத்திருக்கிறார், இந்த முறை எவ்வளவு நேரம் விட்டும் இன்ஜின் எடுக்கவில்லை, கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றி டேனியலுக்கு இரண்டு கையும் கொப்புளம். நயினார் அப்படியே சுவரில் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மதியம் டேனியலே பேசினார். நயினார் துணியை அவிழ்க்கச் சொன்னார், மூடியில் கொக்கி மாதிரி வளைத்த சின்னக் குழாய் ஒன்றை, வாய் கீழே பார்க்கும்படி வைக்கச் சொன்னார், காற்று போகும், அலைத்தண்ணீர் போகாது. டேனியல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இந்தத் துணியா? இதுவா நைனாரே?" என்று நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்.

திங்கள்கிழமை ஒரு மணிக்கு மறுபடி போன். நான் அப்போது பட்டறையிலேயே இருந்தேன், இட்லி கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

"நாலு மணி நேரம் நைனாரே! ஒரு எடத்துல சத்தம் எறங்கல. குதிர மாரி போவுது. உங்க காது காதுதான். ராஜவேலு உங்கள பாக்கணும்ங்கிறான்."

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமைதான் கண்டுபிடித்தார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தது எனக்கு மட்டும்தான். அன்று அப்படிக் கத்திய நானே, அவர் வாயைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்ததும் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அந்த மனிதருக்கு மிச்சம் இருந்தது அந்த போன் ஒன்றுதான். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"டேனியல், எனக்கு புதன்கிழமையே தெரியும்பா. துணின்னு நீ சொன்னப்பவே தெரிஞ்சிடுச்சி. சரியாயிட்டா நீ போன் பண்ண மாட்டியேன்னு சொல்லாம உட்டுட்டேன்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தூரத்தில் டேனியலைக் கூப்பிட்டார்கள். பிறகு டேனியல் பேசினார். கோபம் இருந்தால்கூடத் தேவலாம், குரலில் அதுவும் இல்லை.

"பேசுடா டேனியல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரிப்பேரே இல்லாம தெனமும் பண்ணியிருப்பேனே நைனாரே."

வைத்துவிட்டார்.

இது நடந்து ஒன்பது மாசம் ஆகிறது. டேனியல் கூப்பிடவில்லை. நயினார் இரண்டு முறை கூப்பிட்டார், மணி அடித்து அடித்து நின்றுபோனது. மூன்றாவது முறை அவர் முயற்சி செய்யவில்லை.

போன வாரம் சிம்ரன் என் கடைக்கு வந்தாள், நர்சிங் சேர முதல் பட்டதாரி சான்றிதழுக்கு. பக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயேன் என்றேன். சுவரைப் பார்த்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். படகு எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நயினாரிடம் சொன்னேன். "படகு சூப்பரா ஓடுதாம். இத்தனை மாசத்துல ஒரு ரிப்பேரும் வரலியாம்."

"சந்தோஷம்மா" என்றார். கையில் இருந்த நாசிலைத் துடைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். நான் திரும்பி வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது பின்னால் இருந்து கேட்டார்.

"சின்னதா எதனா கூட இல்லியாமா?"